100 பங்கு, 410 மணி நேரம்: ஒரு குடும்பப் பயணத்துக்குப் பணம் சேர்ந்த விதம்

இது என் அக்காவின் கணக்கு. அவள் வீட்டில் இருந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவள். மூத்தவளுக்கு 8 வயது, இளையவனுக்கு 4. மூத்தவள் பள்ளிக்குப் போகிறாள், இளையவன் இன்னும் வீட்டில்தான் இருக்கிறான். மாமாவின் சம்பளத்தில் வீடு ஓடிவிடும், ஆனால் மாதக் கடைசியில் மிச்சம் என்று எதுவும் நிற்காது. மூத்தவள் பாடப்புத்தகத்தில் கடலைப் பார்த்துவிட்டு, "அந்தப் பக்கம் கரையே தெரியாதாம்மா?" என்று கேட்டாள். அன்றிரவே அக்கா 5 நாள் பயணத்துக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுவிட்டாள். இந்தப் பணத்தைத் தானே சம்பாதிப்பது என்றும் முடிவு செய்தாள். 6 மாதம் கெடு.

தொகையை நான் எழுதப் போவதில்லை. ஊருக்கு ஊர், நாணயத்துக்கு நாணயம் அது மாறும். முதல் மதிப்பீட்டை 100 பங்காக வைத்துக்கொள்கிறேன், மற்ற எல்லாவற்றையும் அந்தப் பங்கிலேயே சொல்கிறேன். அக்காவும் மாமாவும் படித்துப் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் இதை வெளியே தருகிறேன்.

கணக்கு எழுத ஒரு சாதாரண நோட்டு. வந்தது, போனது, எத்தனை மணி நேரம் என்று மூன்று பத்தி. ஞாயிற்றுக்கிழமைதோறும் அக்கா பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புவாள், நான் கூட்டிப் பார்ப்பேன். மூன்றாவது பத்தி என் பிடிவாதத்தால் வந்தது. "நேரத்துக்கு என்னடி கணக்கு? வீட்டில சும்மாதானே இருக்கேன்" என்றாள். அந்த 'சும்மா' எனக்குப் பொறுக்கவில்லை. அப்படியானால் அந்த 'சும்மா' எங்கே இருக்கிறது என்று முதலில் பார்ப்போம் என்றேன்.

ஒரு வாரம் முழுக்க, காலையில் எழுந்ததிலிருந்து இரவு படுக்கும் வரை, என்ன செய்தாள் என்று எழுதச் சொன்னேன். நடுவாந்தரமான ஒரு நாளை எடுத்துக்கொண்டால், விழித்திருந்தது 17 மணி நேரம். அதில் யாரும் கூப்பிடாத, அடுப்பில் எதுவும் இல்லாத நேரம் 2 மணி 10 நிமிடம். அதுவும் சேர்ந்தாற்போல் இல்லை, 7 துண்டுகளாக இருந்தது. அதில் பெரிய துண்டு 40 நிமிடம், இளையவன் மதியம் தூங்கும் நேரம். துணி மடிப்பதும் அப்போதுதான்.

நடந்த எல்லாவற்றுக்கும் இந்த 7 துண்டுதான் அடிப்படை. எங்களுக்கு அது பிடிபட ஐந்து மாதம் ஆனது.

வீட்டு வேலை வேலைதான் என்பது புதிய கருத்து இல்லை. 1934-லேயே மார்கரெட் ரீட் என்ற பொருளியல் அறிஞர் அதற்கு எளிமையான ஒரு சோதனையைச் சொன்னார்: கூலி கொடுத்து இன்னொருவரை வைத்துச் செய்துகொள்ள முடிகிற காரியம் என்றால் அது உற்பத்தி வேலை. சமைப்பது, குழந்தையைக் குளிப்பாட்டுவது எல்லாம் இதில் அடங்கும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, கணக்கெடுத்த 64 நாடுகளில் ஒரு நாளைக்கு 1,640 கோடி மணி நேரம் இப்படிக் கூலி இல்லாத பராமரிப்பு வேலையில் போகிறது. அதில் 76.2 சதவீதம் பெண்கள் தலையில். அக்காவிடம் இந்த எண்ணைச் சொன்னபோது, "அதுல என் பங்கு எவ்வளவுன்னு போட்டிருக்கா?" என்று கேட்டாள். சிரிக்கவில்லை, உண்மையாகவே கேட்டாள்.

முதல் ஐந்து வாரம்

தொடக்கம் நன்றாகவே இருந்தது. உபயோகம் இல்லாத பொருட்களை விற்றாள். சின்னவனுக்குப் பத்தாமல் போன தொட்டில், மூத்தவளின் பழைய மூன்று சக்கர சைக்கிள், ஒரு மூட்டை குழந்தைத் துணி, இரண்டு நாற்காலி. படம் எடுப்பது, துடைப்பது, வருபவர்களுக்குக் காட்டுவது எல்லாம் சேர்த்து 12 மணி நேரம்தான் ஆனது, 18 பங்கு வந்தது. ஒரு பங்குக்கு 40 நிமிடம். இதை விடச் சுலபமான பணம் அப்புறம் வரவே இல்லை. ஆனால் இதில் வரவு ஒரு முறைதான். தொட்டிலை இரண்டாம் முறை விற்க முடியாது. கையில் சட்டென்று கொஞ்சம் பணம் சேர்ந்ததில் நம்பிக்கை வந்தது, கூடவே கெடுவைப் பற்றித் தப்பான எண்ணமும் வந்தது. மூன்றே வாரத்தில் 18 என்றால் 26 வாரத்தில் 100 எம்மாத்திரம் என்று இருவருமே நினைத்தோம்.

விற்கும் பட்டியலில் தையல் மெஷினும் இருந்தது. கல்யாணத்துக்கு முன் அக்கா தைத்துக்கொண்டிருந்த மெஷின், பல வருடமாகக் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. பார்க்க வந்த பெண்மணி, "ஓடுமா?" என்று கேட்டார். அக்கா தூசி தட்டி, எண்ணெய் விட்டு, ஒரு பழைய துணியில் நேராக ஒரு தையல் ஓட்டிக் காட்டினாள். அவர் மிகவும் அடிமாட்டு விலைக்குக் கேட்டதால் கொடுக்கவில்லை. மெஷின் திரும்பவும் கட்டிலுக்கு அடியில் போனது. இந்தப் பெண்மணி மறுபடி வருவார்.

அடுத்து, கைப்பேசியில் கருத்துக்கணிப்புக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பணம் வாங்கும் வேலை. இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் அந்தத் துண்டு நேரம்தான். ஐந்து நிமிடம் கிடைத்தாலும் செய்யலாம் அல்லவா? செய்யலாம்தான். ஆனால் பத்துக் கேள்விக்குப் பதில் சொன்ன பிறகு "நீங்கள் இந்தக் கணிப்புக்குப் பொருந்தவில்லை" என்று வெளியே தள்ளிவிடும், அதற்குக் காசு கிடையாது. இடையில் தரவுப் பதிவு வேலை என்று ஒரு விளம்பரம். வேலை தருகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்றார்கள். கட்டினாள். அப்புறம் பயிற்சிக் கட்டணம் கேட்டார்கள். அதற்குள் எனக்குத் தகவல் வந்துவிட்டதால் அத்தோடு நின்றது. போனது 3 பங்கு.

இதில் அக்காவின் ஏமாளித்தனம் என்று ஒன்றும் இல்லை. வீட்டை விட்டு வெளியே போக முடியாதவர்களைக் குறிவைத்துத்தான் இந்த வலையே விரிக்கப்படுகிறது. கைப்பேசியில் சின்னச் சின்ன வேலை கொடுத்து, முதலில் கொஞ்சம் பணமும் கொடுத்து, பின்னால் "உங்கள் பணத்தைப் போட்டால்தான் மீதியை எடுக்கலாம்" என்கிற வகை இன்னும் மோசம். அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்துக்கு 2020-ல் இப்படி ஒரு புகார்கூட வரவில்லை, 2023-ல் சுமார் 5,000 வந்தன, 2024-ன் முதல் பாதியிலேயே சுமார் 20,000 வந்துவிட்டன. வேலை கொடுப்பவர் நம்மிடம் பணம் கேட்டால் அது வேலையே இல்லை. இதை அக்காவுக்கு முதல் நாளே சொல்லாமல் விட்டது என் தப்பு.

கருத்துக்கணிப்பும் இந்தத் தரவுப் பதிவும் சேர்ந்து 46 மணி நேரத்தைத் தின்றன. வந்தது 2 பங்கு, போனது 3.

காதில் மாட்டிய வேலை

ஆறாவது வாரத்திலிருந்து ஒலிப்பதிவை எழுத்தாக்கும் வேலை. பேட்டிகள், வகுப்புச் சொற்பொழிவுகள். அக்காவுக்குத் தட்டச்சு நன்றாக வரும், காதும் கூர்மை. நேர்மையான இடம், சொன்ன தேதியில் பணம் வந்தது. எல்லா வகையிலும் இதுதான் அவளுக்கு ஏற்ற வேலை என்று நான் நினைத்தேன். நானே தேடிக் கொடுத்ததும்கூட. 2 பங்கு செலவில் ஒரு நல்ல ஹெட்ஃபோன் வாங்கினோம்.

பழகியவர்களுக்கே ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்கச் சுமார் நான்கு மணி நேரம் பிடிக்கும். பேசுவது ஒருவராக இருந்து, ஒலியும் தெளிவாக இருந்தால்தான் அதுவும். அக்காவுக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனது. 9 வாரத்தில் 17 மணி நேரப் பதிவை முடிக்க 110 மணி நேரம். கழிவு போக 14 பங்கு. அதாவது ஒரு பங்குக்கு ஏறக்குறைய 8 மணி நேரம்.

முதலில் இதைப் பயிற்சிக் குறைவு என்றே எடுத்துக்கொண்டேன். ஒரு சனிக்கிழமை அவள் வீட்டில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது. ஹெட்ஃபோனை மாட்டுகிறாள். பத்து விநாடி கேட்கிறாள், நிறுத்துகிறாள், தட்டுகிறாள். "அம்மா, தண்ணி." கழற்றுகிறாள், போகிறாள், வருகிறாள், மாட்டுகிறாள். எங்கே விட்டோம் என்று அரை நிமிடம் பின்னால் ஓட்டுகிறாள். யார் பேசிக்கொண்டிருந்தார் என்பது மறந்துவிட்டது, இன்னும் பின்னால் போகிறாள். பிடித்துக்கொண்டாள், இரண்டு வரி தட்டினாள். "அம்மா, இவன் என் பென்சிலை எடுத்துட்டான்." நான் இருந்த ஒரு மணி நேரத்தில் ஒன்பது முறை கழற்றி மாட்டினாள். இன்னொரு விஷயம், ஹெட்ஃபோன் மாட்டியிருக்கும்போது இளையவன் என்ன செய்கிறான் என்பது காதுக்கு எட்டாது. அதனால் ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொள்வாள். பதிவில் மெல்லிய குரல் வந்தால் தப்பும், திரும்பக் கேட்பாள்.

குறை அவளிடமும் இல்லை, வேலையிலும் இல்லை. அந்த வேலைக்கு முழுத் துண்டாக நேரம் வேண்டும், இந்த வீட்டில் நேரம் நறுக்கப்பட்டுக் கிடக்கிறது. 'வீட்டிலிருந்தே செய்யலாம்' என்று விளம்பரப்படுத்தப்படும் வேலைகளில் பெரும்பகுதி, யாரும் இல்லாத வீட்டை நினைத்துக்கொண்டு வடிவமைக்கப்பட்டவை.

அதனால் அவள் இரவுக்கு மாறினாள். பத்து மணிக்குப் பிள்ளைகள் தூங்கியதும் உட்கார்ந்தால் பன்னிரண்டரை வரை போகும். மூன்றே வாரத்தில் கண்ணுக்குக் கீழே கருத்துவிட்டது. 14-ஆவது வாரம் அவளே, "போதும்" என்றாள்.

மெஷின் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வருகிறது

அந்த 14-ஆவது வாரத்தில்தான், மெஷினைப் பேரம் பேசிவிட்டுப் போன பெண்மணி திரும்ப வந்தார், கையில் மகளின் பள்ளிப் பாவாடையோடு. "மெஷின் இன்னும் இருக்கா? இதை மட்டும் ரெண்டு இஞ்ச் இறக்கித் தர முடியுமா? தையல்காரர்கள் இந்தச் சின்ன வேலையை வாங்கவே மாட்டேங்கிறாங்க." அக்கா அன்று மதியம், சின்னவன் தூங்கிய 40 நிமிடத்தில், ஓரத்தைப் பிரித்து, இறக்கி, தைத்து, இஸ்திரி போட்டுவிட்டாள்.

அந்தப் பெண்மணி சொன்னது முக்கியமான தகவல். புதுத் துணி தைப்பவர்களுக்கு ஆல்டரேஷன் வேலை பிடிக்காது. பிரிக்க வேண்டும், அளவு பார்க்க வேண்டும், அவர்களைப் பொறுத்தவரை நேரம் போகும், காசு குறைவு. ஆனால் ஆல்டரேஷன் தேவைப்படாத வீடே கிடையாது. கால்சட்டை நீளம், இடுப்புத் தளர்வு, வேலை செய்யாத ஜிப், பிய்ந்த பை. நான்கு வாரத்தில் வாய்மொழியாகவே 15 வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். பை நிறையத் துணியைக் கொடுத்துவிட்டு, "வெள்ளிக்கிழமைக்குள்ள கொடுத்தா போதும்" என்பார்கள்.

இந்த வேலை ஏன் பொருந்தியது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். தையலில் ஒரு வரி முடிந்ததும் நிறுத்தலாம். ஊசியைத் துணிக்குள் இறக்கி விட்டுவிட்டு எழுந்து போனால், திரும்பி வரும்போது துணி அங்கேயே நிற்கும். விட்ட இடத்தைத் தேட வேண்டாம், கண்ணால் பார்த்தாலே தெரிகிறது. காதும் திறந்தே இருக்கிறது. பிரிப்பது, குறிப்பது, பின் குத்துவது, தைப்பது, நூல் நறுக்குவது, இஸ்திரி என்று ஒரு கால்சட்டையே ஆறு துண்டு வேலை. அவளுடைய 7 துண்டு நேரத்துக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது.

திறமையும் திரும்ப வந்தது. ஜீன்ஸ் ஓரம் தைக்கும்போது முதலில் இரண்டு ஊசி உடைந்தன. மெல்லிய துணிக்கான 75/11 ஊசியையே போட்டிருந்தாள். ஜீன்ஸுக்கு 100/16 வேண்டும். இதில் 100 என்பது ஊசித் தண்டின் தடிமன், ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்த கணக்கு, அப்படியானால் சரியாக 1 மில்லிமீட்டர். ஊசியை மாற்றிய பிறகும், பக்கத் தையலும் ஓரமும் சேர்ந்து மொத்தையாக வரும் இடத்தில் மெஷின் திணறியது. அந்த மொத்தையைச் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டி நசுக்கிவிட்டு, மெஷினின் பாதத்துக்குப் பின்பக்கம் மடித்த துணித் துண்டு ஒன்றை வைத்துச் சமமாக்கினால் சுலபமாக ஏறி இறங்கும் என்று கண்டுகொண்டாள். ஜீன்ஸின் பழைய ஓரத்தை வெட்டி எறியாமல், அதை அப்படியே மேலே ஏற்றி மடித்துத் தைத்தால் கடையில் வாங்கியது போலவே இருக்கும் என்பதும் அப்படித்தான் வந்தது. இதைக் கேள்விப்பட்டே ஆட்கள் வந்தார்கள்.

4 வயதுப் பையன் இருக்கும் வீட்டில் குண்டூசி பெரிய பயம். ஒரு டப்பாவில் சரியாக 40 ஊசி, பக்கத்தில் ஒரு காந்தம். வேலையை நிறுத்தும் ஒவ்வொரு முறையும் எண்ணிப் பார்த்துத்தான் மூடுவாள். 39 என்றால் 40-ஆவது கிடைக்கும் வரை எல்லோரும் கட்டில் மேல்தான். மூத்தவள் காந்தத்தை நூலில் கட்டித் தரையெல்லாம் இழுத்துக்கொண்டு போவாள்.

வெட்டுக்கோடும் மடிப்புக்கோடும்

இவ்வளவு இருந்தும் முதல் 8 வாரத்தில் 72 மணி நேரம் உழைத்து, கழிவு போக 11 பங்குதான் சேர்ந்தது. பங்குக்கு ஆறரை மணி நேரம். எழுத்தாக்கத்தை விடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். பொருந்தி வந்த வேலையில் ஏன் இப்படி? நோட்டைப் புரட்டினால் மூன்றாவது பத்தி சொல்லிவிட்டது. பகல் துண்டுகளில் நடந்தது பாதிகூட இல்லை. மீதி எல்லாம் '10:15 – 12:30', '10:40 – 12:00' என்று இருந்தது. வேலை மாறியிருந்தது, ஆனால் அதைச் செய்யும் நேரம் மாறவில்லை. வீட்டு வேலையில் ஒரு துரும்புகூட அவள் தோளிலிருந்து இறங்காமல், அதன் மேலேயே இதையும் ஏற்றி வைத்திருந்தோம்.

22-ஆவது வாரம் அது வெடித்தது. ஒருவருடைய கம்பளிக் கால்சட்டை, நீளம் குறைக்க வேண்டும். மார்க்கிங் சாக்கால் இரண்டு கோடு போடுவார்கள். மேலே இருப்பது மடிப்புக்கோடு, அதற்கு ஒன்றரை இஞ்ச் கீழே வெட்டுக்கோடு. இரவு பதினொன்றரை மணி. அக்கா மடிப்புக்கோட்டில் வெட்டிவிட்டாள், இரண்டு காலையும். வெட்டிய துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்ததாக மாமா சொன்னார். அந்தத் துண்டில் வெட்டுக்கோடு வெள்ளையாக, சுத்தமாக, அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஈடாக 2 பங்கு கொடுத்தாள். அந்த வாடிக்கையாளர் நல்ல மனிதர், வேண்டாம் என்றார், இவள் விடவில்லை. அன்று மாமாதான் முதலில் பேசினார். "இதுவரைக்கும் நான் என்ன பண்ணினேன்? பணம் சேருதான்னு மட்டும்தானே கேட்டேன்" என்றாராம்.

இதை அவர் வாயால் சொன்னதற்காக எனக்கு அவர் மேல் மதிப்புக் கூடியது. ஏற்பாடு இதுதான்: செவ்வாயும் வியாழனும் மாலை 6 முதல் 9 வரை, ஞாயிறு காலை 9 முதல் 12 வரை, வீடு முழுக்க மாமாவின் பொறுப்பு. சமையல், வீட்டுப்பாடம், குளியல், தூங்கவைப்பது எல்லாம். 'உதவி' என்ற சொல்லே வேண்டாம் என்று நான் சொன்னேன். உதவி என்றால் பொறுப்பு இன்னும் அவளிடமே இருக்கிறது என்று அர்த்தம்.

முதல் செவ்வாய் நன்றாக இல்லை. "என்னம்மா, பருப்பு எந்த டப்பாவில் இருக்கு?" "இவனோட துண்டு எது?" மூன்று மணி நேரத்தில் 11 முறை கதவைத் தட்டியிருக்கிறார். அக்கா அதையும் எழுதி வைத்திருந்தாள். இரண்டாவது வாரம் 7. ஐந்தாவது வாரம் 1. நடுவில் ஒரு வியாழன் இரவு உணவு கருகி எல்லோரும் பழம் சாப்பிட்டுப் படுத்தார்கள். அக்கா கதவைத் திறந்து வெளியே வரத் துடித்தாளாம். வரவில்லை. அன்று அவள் வெளியே வந்திருந்தால் இந்த ஏற்பாடு அன்றோடு முடிந்திருக்கும் என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன்.

இன்னொரு விதியும் வந்தது: இரவு ஒன்பதுக்கு மேல் கத்தரிக்கோலைத் தொடக் கூடாது. பிரிக்கலாம், பொத்தான் வைக்கலாம், வெட்டக் கூடாது.

அதற்குப் பிறகான 16 வாரத்தில் 2 வாரம் பிள்ளைகளுக்குக் காய்ச்சல், மெஷின் மூடியே இருந்தது. மீதி 14 வாரத்தில் 170 மணி நேரம், கழிவு போக 42 பங்கு. பங்குக்கு 4 மணி நேரம். கூலியை ஏற்றவில்லை, வேலை அதேதான், ஆளும் அதே ஆள். பிரித்துத் திரும்பத் தைப்பது ஏறக்குறைய இல்லாமல் போனது, ஒரே உட்காரலில் நான்கு ஜிப் மாற்ற முடிந்தது. ஒரே நிறத் துணிகளைச் சேர்த்து வைத்துத் தைத்ததால் நூல் மாற்றுகிற நேரமும் மிச்சம்.

தொடாத பணம்

சேர்ந்த பணத்தைத் தனிக் கணக்கில் போட்டார்கள். மூத்தவள் அந்தக் கணக்குப் புத்தகத்தின் மேல் 'கடல்' என்று எழுதிய காகிதத்தை ஒட்டிவிட்டாள். 26-ஆவது வாரம் துணி துவைக்கும் மெஷின் நின்றுவிட்டது. பழுது பார்க்கக் கேட்ட தொகை 9 பங்குக்குச் சமம். பணம் பணம்தானே, அங்கே சும்மா கிடப்பதை எடுத்துக்கொண்டு அப்புறம் வைக்கலாம் என்பது நியாயமான யோசனை. இருவரும் எடுக்கவில்லை. இரண்டு மாதத் தவணையாகச் சம்பளத்திலிருந்து கட்டினார்கள், கையால் துவைத்த நாட்களும் உண்டு.

மனிதர்கள் பணத்தை இப்படிப் பெயர் சூட்டித் தனித்தனியாக வைப்பதை ரிச்சர்ட் தேலர் மனக் கணக்கு என்று விளக்கினார், 2017-ல் பொருளியல் நோபல் பெற்றவர். கணக்குப் பார்த்தால் இது அறிவுக்குப் பொருந்தாத பழக்கம்தான், ஒரு பையில் இருப்பதும் மறு பையில் இருப்பதும் ஒன்றே. சமூகவியலாளர் விவியானா செலிசர் 1994-ல் இதையே வேறு பக்கத்திலிருந்து சொன்னார்: குடும்பங்கள் பணத்தை அடையாளமிட்டு ஒதுக்குவது உறவுகளைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி. நான் செலிசர் பக்கம். அந்த 9 பங்கை எடுத்திருந்தால் திரும்ப வைக்க முடிந்திருக்கும், ஆனால் செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு மாமா வீட்டுக்கு ஓடி வருவதற்கான காரணம் தளர்ந்திருக்கும்.

மொத்தக் கணக்கு இது. விற்பனையில் 18. கருத்துக்கணிப்பு வகையில் 1 நஷ்டம். எழுத்தாக்கத்தில் 14. தையலில் 62 வந்து, நூல், ஊசி, ஜிப்புக்கு 4.5, மெஷின் சர்வீஸுக்கு 2.5, கெட்டுப்போன கால்சட்டைக்கு 2 போக 53. ஆக 84 பங்கு, 410 மணி நேரம், 38 வாரம். 26 வாரம் என்று போட்ட திட்டம். உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-ல் எழுதிய திட்டமிடல் பிழை இதேதான். மற்றவர்களுக்கு எவ்வளவு நாள் பிடித்தது என்று பார்க்காமல், நம் திட்டம் தடங்கலே இல்லாமல் ஓடும் என்று கற்பனை செய்துகொள்கிறோம். 26 வாரத்தில் ஒரு காய்ச்சலுக்குக்கூட நாங்கள் இடம் விடவில்லை, 4 வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில்.

100-க்கு 84 எப்படிப் போதும்? விடுமுறையின் முதல் வாரத்துக்குப் பதில் கடைசி வாரம் போனார்கள், வார நடுவில் கிளம்பினார்கள். அதில் 11 குறைந்தது. சமையலறை உள்ள தங்குமிடம் எடுத்ததில் 7. ஆகச் செலவு மதிப்பீடு 82-க்கு இறங்கியது, கைவசம் 2 இருந்தது.

அந்த 11 பற்றி எனக்கு மகிழ்ச்சிதான். தேதியை மாற்றியது யாருக்கும் வலிக்கவில்லை, 4 மணி நேரத்துக்கு ஒரு பங்கு என்று பார்த்தால் 44 மணி நேர உழைப்பு மிச்சம். முதல் வாரமே இதை யோசிக்காமல் கோட்டை விட்டுவிட்டோம். அந்த 7-ல் எனக்கு மனத்தாங்கல் இருந்தது. சமையலறை உள்ள அறை என்றால் யாரோ சமைக்க வேண்டும். 38 வாரம் உழைத்துச் சேர்த்தவள் கடற்கரைக்குப் போயும் அடுப்பு முன் நிற்கவா? இதை நேராகவே கேட்டேன். மாமா, "காலையும் மதியமும் நான், ராத்திரி வெளியே" என்றார். அதற்குத்தான் அந்த 2 பங்கில் ஒன்று கூடுதலாகப் போனது. செலவு 83-ல் நின்றது.

முதல் நாள் அக்கா பத்து மணி வரை தூங்கினாள். மூத்தவள் ஜன்னல் பக்கமே உட்கார்ந்து, அம்மா எழுந்த பிறகுதான் தண்ணீரைத் தொடுவேன் என்று காத்திருந்தாள். ஒரு மணி நேரம் கரையில் நின்று அந்தப் பக்கத்துக் கரையைத் தேடினாளாம். இளையவனுக்குக் கடல் பிடிக்கவில்லை. மணல் பிடித்தது.

திரும்பி வந்தபோது வீட்டு வாசலில் மூன்று பைத் துணி காத்திருந்தது. தையலை நிறுத்திவிடுவதா, தொடர்வதா என்று அக்கா இரண்டு நாள் யோசித்தாள். தொடர்கிறாள், செவ்வாயும் வியாழனும் மட்டும். ஞாயிற்றுக்கிழமையை எடுத்துவிட்டாள். போன வாரமும் வழக்கம் போல நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். மூன்று பத்தி இருந்த இடத்தில் இப்போது அவளே கோடு போட்டு நான்காவது ஒன்று சேர்த்திருக்கிறாள். தலைப்பு: 'அந்த நேரம் வீட்டைப் பார்த்தது யார்'. கடைசி வரியில் இப்படி இருந்தது: செவ்வாய், 6 – 9, ஜிப் 2, ஜீன்ஸ் 1, அவர்.